செப்டம்பர் மாச ரேங்க் கார்டு

முதல்லயே ஒரு எச்சரிக்கை. இது நம்ம ஊர் கால்பந்து பற்றின பதிவு இல்லை. அமெரிக்காவுல ஃபுட்பால்னு சொல்ற, முட்டை வடிவப் பந்தைக் கையால தூக்கிட்டு ஓடற ஆட்டம். அதுலயும் கல்லூரிப் பசங்க ஆடறது. "கையால ஆடறதுக்கு எதுக்குடா ஃபுட்பால்னு பேரு?"ன்னு கேக்கறவங்களுக்கு என்கிட்ட பதில் கிடையாது. இங்க வந்த நாளா நானும் அதைத்தான் கேட்டுட்டு இருக்கேன் :-)

ஆட்ட விதி தெரியலைன்னாலும் பரவாயில்லை, இந்தப் பதிவு புரியும். ஏன்னா நான் பேசப்போறது ஆட்டத்தைப் பத்தி இல்லை, ரேங்க் போடறதைப் பத்தி. ரேங்க் கார்டுல அப்பாகிட்ட கையெழுத்து வாங்கப் பயந்த எல்லாருக்கும் இதுல பங்கு உண்டு.

அடிப்படையை மட்டும் சுருக்கமா சொல்லிடறேன். முதல்நிலைப் பிரிவுல 130-க்கும் மேல பல்கலைக்கழக அணிகள் இருக்கு. எல்லாரும் எல்லார்கூடவும் ஆட முடியாது. அதனால குழு குழுவா பிரிஞ்சிருக்காங்க. அதுக்குப் பேர் கான்ஃபரன்ஸ். பிக் டென்னு ஒண்ணு இருக்கு. பேர்ல பத்து, ஆனா 2024-லருந்து அதுல 18 அணி (கணக்கு பண்ணிப் பேர் வைக்கிற பழக்கம் அவங்களுக்கு இல்லை). ஆகஸ்ட் கடைசியில சீசன் ஆரம்பிக்கும். வாரம் ஒரு ஆட்டம். நவம்பர் கடைசியில லீக் ஆட்டங்கள் முடிஞ்சிடும். மொத்தமே 12 ஆட்டம்தான்.

இந்தப் பன்னிரண்டுல முதல் ரெண்டு, மூணு ஆட்டம் முடிஞ்சதுமே ஆளாளுக்கு ஒரு பட்டியல் போட ஆரம்பிச்சுடுவாங்க. "பிக் டென்: 1 முதல் 18 வரை". செய்தித்தாள், டிவி, ஆபீஸ் மதியச் சாப்பாட்டு மேஜை, எங்க பார்த்தாலும் இதே பேச்சு. என் டீம்ல பாதிப் பேர் ஏதாவது ஒரு பிக் டென் காலேஜ்ல படிச்சவங்க. திங்கக்கிழமை காலையில ஆணி புடுங்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் இந்த ரேங்க் சண்டைதான்.

என்னோட கட்சி என்னன்னா: செப்டம்பர்ல போடற இந்த வரிசை கணிப்பா இருந்தா சரி, விளையாட்டா இருந்தாலும் சரி. ஆனா அதை மதிப்பெண் மாதிரி பாவிச்சு, அடுத்த வாரப் பட்டியலுக்கு அதையே அடித்தளமா வெச்சுக்கறது தப்பு. அதனால சில பசங்களுக்கு நிஜமாவே நஷ்டம் ஆகியிருக்கு.

முதல்ல கணக்கு

18 அணின்னா 153 ஜோடி. ஒவ்வொரு அணிக்கும் கான்ஃபரன்ஸுக்குள்ள 9 ஆட்டம். அப்போ சீசன் முழுக்க நடக்கறது 81 ஆட்டம். அதாவது எல்லா ஆட்டமும் முடிஞ்ச பிறகும் பாதி ஜோடிங்க நேருக்கு நேர் பார்த்தே இருக்க மாட்டாங்க. ஐ.பி.எல். மாதிரி எல்லாரும் எல்லாரையும் ஒரு தடவையாவது சந்திக்கிற கதை இங்க கிடையாது.

இது சீசன் முடிஞ்ச பிறகு இருக்கற நிலைமை. செப்டம்பர் மூணாவது வாரத்துல? 2025 சீசனை எடுத்துக்குங்க. செப்டம்பர் 20 சனிக்கிழமை வரைக்கும் பிக் டென் அணிகள் தங்களுக்குள்ள ஆடின ஆட்டங்களை எண்ணினா பத்து கூட தேறாது. மத்ததெல்லாம் வெளியாட்களோட ஆடினது. அதுலயும் பாதிக்கு மேல நாமளே காசு குடுத்துக் கூட்டிட்டு வந்து நம்ம மைதானத்துலயே அடிச்சு அனுப்பற சின்ன அணிகள்.

18 அணிகளை வரிசைப்படுத்த சுமார் 6,400 லட்சம் கோடி வழி இருக்கு. பத்துக்கும் குறைவான நேரடி ஆட்டங்களை வெச்சுக்கிட்டு அதுல ஒரே ஒரு வரிசையைப் பிடிச்சு "இதுதான்"னு சொல்றாங்க. டேட்டாபேஸ்ல 153 வரி இருக்க வேண்டிய இடத்துல பத்து வரி கூட இல்லாம ரிப்போர்ட் எடுத்தா நம்ம மேனேஜர் என்ன சொல்வாரு? இங்க மட்டும் அதை டிவியில போடறாங்க.

அப்போ மிச்ச இடத்தை எதை வெச்சு நிரப்பறாங்க? போன வருஷ ஞாபகத்தை வெச்சு. பேரை வெச்சு. சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வந்த பட்டியலை வெச்சு.

படிக்கிற பையன் பேப்பர்

பள்ளிக்கூடத்துல பார்த்திருப்பீங்க. போன வருஷம் ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்தவன் பேப்பரை வாத்தியார் திருத்தும்போது அரைகுறை விடைக்கும் "பையனுக்குத் தெரியும், அவசரத்துல விட்டுட்டான்"னு மார்க் விழும். கடைசி பெஞ்ச் பையன் அதே கணக்கைச் சரியா போட்டிருந்தா "யாரைப் பார்த்துடா எழுதின?"

செப்டம்பர் ரேங்க் அப்படியே இதுதான். 2025 சீசன்ல நடந்ததைப் பாருங்க.

பென் ஸ்டேட் முந்தின சீசன்ல அரையிறுதி வரை போன அணி. ஏ.பி. செய்தி நிறுவனம் அறுபதுக்கும் மேற்பட்ட விளையாட்டு நிருபர்களை வெச்சு வாராவாரம் 25 அணிகளுக்கு ரேங்க் போடும். 2025 சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்தப் பட்டியல்ல பென் ஸ்டேட் 2-வது இடம். இண்டியானா 20-வது இடம். இண்டியானான்னா யாரு? இந்த ஆட்டத்தோட வரலாற்றுலயே முதல்முதலா 700 தோல்வியைத் தொட்ட முதல்நிலை அணி. கடைசி பெஞ்ச்ல பேர் செதுக்கி வெச்ச பையன்.

இப்போ ரெண்டு பேரோட விடைத்தாளையும் பேர் இல்லாம காட்டறேன். தேதி 2025 செப்டம்பர் 21.

அணி அ: 3 ஆட்டம், 3 வெற்றி. நெவாடாவை 46-11, ஃப்ளோரிடா இண்டர்நேஷனலை 34-0, வில்லனோவாவை 52-6. மூணும் சொந்த மைதானம். மூணாவது அணி கீழ்நிலைப் பிரிவைச் சேர்ந்தது.

அணி ஆ: 4 ஆட்டம், 4 வெற்றி. முதல் மூணும் இதே மாதிரி சின்ன அணிகளோட. நாலாவது, அப்போ நாட்டுலயே 9-வது இடத்துல இருந்த இல்லினாயை 63-10.

இந்த ரெண்டையும் வெச்சு நீங்க யாருக்கு அதிக மார்க் போடுவீங்க? எங்க பாட்டிகிட்ட கேட்டாகூட அணி ஆன்னு சொல்லுவாங்க. ஆனா அடுத்த சனிக்கிழமை மைதானத்துல இறங்கினப்போ பென் ஸ்டேட் பேருக்கு முன்னாடி இருந்த நம்பர் 3. இண்டியானா பேருக்கு முன்னாடி இருந்தது 11.

கவனிங்க, இது "பின்னாடி நடந்தது தெரிஞ்சதால இப்ப வந்து பேசற" சமாச்சாரம் இல்லை. அன்னைக்கு எல்லார் கண்ணு முன்னாடியும் இருந்த விடைத்தாளை வெச்சே பேசறேன். 63-10 அன்னைக்கே ஸ்கோர்போர்டுல இருந்தது. ஆனா இண்டியானா 20-லருந்து ஏறி வரணும், பென் ஸ்டேட் 2-லருந்து இறங்கி வரணும். தோத்தாத்தான் இறங்குவாங்க. இன்னும் உருப்படியா யாரோடவும் ஆடலைன்னா தோக்கவே முடியாதே!

பின்னாடி நடந்ததையும் சொல்லிடறேன். செப்டம்பர் 27 பென் ஸ்டேட் ஆரிகன்கிட்ட ரெண்டு கூடுதல் நேரம் போராடி 30-24-ல தோத்தாங்க. அடுத்த வாரம், அதுவரைக்கும் ஒரு ஆட்டம் கூட ஜெயிக்காத யு.சி.எல்.ஏ.கிட்ட 42-37. அதுக்கடுத்த வாரம் சொந்த மண்ணுல நார்த்வெஸ்டர்ன்கிட்ட 22-21. அக்டோபர் 12-ஆம் தேதி கோச் ஜேம்ஸ் ஃப்ராங்ளினை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. லீக் ஆட்டங்கள் முடிஞ்சப்போ கணக்கு 6 வெற்றி, 6 தோல்வி. கான்ஃபரன்ஸுக்குள்ள 3-6. இண்டியானா? பிக் டென் இறுதிப் போட்டியில ஒஹாயோ ஸ்டேட்டை 13-10, 2026 ஜனவரியில தேசிய இறுதிப் போட்டியில மயாமியை 27-21. மொத்தம் 16 ஆட்டம், 16 வெற்றி.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. அதே நவம்பர்ல கோச் இல்லாம தடுமாறிட்டிருந்த பென் ஸ்டேட்டை இண்டியானா ஜெயிச்சது 27-24. கடைசி நிமிஷ டச்டவுன்ல. தேசிய சாம்பியனுக்கும் சோர்ந்துபோன அணிக்கும் நடுவுல 3 புள்ளிதான் வித்தியாசம். பட்டியல்ல பாத்தா மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 1, 2, 3னு எழுதினதும் நடுவுல இருக்கற இடைவெளி எல்லாம் சமம்னு ஒரு மயக்கம் வந்துடும். அந்த மயக்கத்தைக் குடுக்கறது அந்த நம்பர்தான்.

ஒரு ஆட்டம் தோத்தா முடிஞ்சதா?

மேல போனவங்க கதை இது. கீழ தள்ளினவங்க கதையும் பிக் டென்லயே இருக்கு.

2007 செப்டம்பர் 1. நாட்டுலயே 5-வது இடத்துல இருந்த மிச்சிகன், லட்சம் பேர் உக்கார்ற தங்களோட சொந்த மைதானத்துல, கீழ்நிலைப் பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட்கிட்ட 34-32-ல தோத்தாங்க. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்ல இதைவிட பெரிய அதிர்ச்சின்னு இன்னைக்கும் யாரும் அதிகம் சொல்றதில்லை. அடுத்த பட்டியல்ல மிச்சிகன் 25-க்குள்ளயே இல்லை. அடுத்த வாரம் ஆரிகன்கிட்ட 39-7. ரெண்டு வாரம் முடிஞ்சப்போ பிக் டென் பட்டியல் போட்டவங்க அவங்களைத் தூக்கி அடியில போட்டாங்க. சீசன் முடிஞ்சப்போ கான்ஃபரன்ஸ் கணக்கு 6-2, ரெண்டாவது இடத்துல சமநிலை. புத்தாண்டு நாள்ல ஃப்ளோரிடாவை 41-35-ல ஜெயிச்சுட்டுப் போனாங்க.

2014 செப்டம்பர் 6 இன்னும் அருமை. ஒரே சனிக்கிழமை. ஒஹாயோ ஸ்டேட் சொந்த மண்ணுல வர்ஜீனியா டெக்கிட்ட 35-21. மிச்சிகன் ஸ்டேட் ஆரிகன்கிட்ட 46-27. மிச்சிகன் நோட்ரே டேம்கிட்ட 31-0. பிக் டென்னோட மூணு பெரிய தலைங்க ஒரே நாள்ல உருண்டுச்சு. அந்த வருஷம்தான் நாலு அணி மோதற புது நாக்அவுட் முறை முதல்முறையா வந்தது. "பிக் டென்க்கு இந்த வருஷம் இடமே இல்லை"ன்னு ரெண்டாவது வாரத்துலயே பத்தி பத்தியா எழுதினாங்க. ஒஹாயோ ஸ்டேட் 8-லருந்து 22-க்குப் போச்சு.

ஆனா அந்தத் தோல்வியைப் பிரிச்சுப் பார்த்தா என்ன இருந்தது? முதன்மை குவார்ட்டர்பேக் ஆகஸ்ட்லதான் தோள்பட்டை அடிபட்டு வெளியே போயிருந்தார். இறங்கினது ஜே.டி. பாரெட்னு ஒரு புதுப் பையன், அவனுக்கு அது ரெண்டாவது ஆட்டம். புது ரிலீஸோட ரெண்டாவது நாள்ல சர்வர் விழுந்தா "இந்த ப்ராடக்ட் வேஸ்ட்"னு எழுதி மூடுவோமா? ஏன் விழுந்துச்சுன்னு லாக் பார்ப்போம் இல்லையா? அதே ஒஹாயோ ஸ்டேட் பிக் டென் இறுதியில விஸ்கான்ஸினை 59-0ன்னு நசுக்கி, அலபாமாவை 42-35, ஆரிகனை 42-20ன்னு ஜெயிச்சு 2015 ஜனவரியில தேசிய சாம்பியன் ஆனாங்க. அதுவும் மூணாவது குவார்ட்டர்பேக்கை வெச்சு.

"விளையாட்டுக்குத்தானே, விடுங்க பாஸ்"

இப்படித்தான் என் பக்கத்து சீட் நண்பர் சொல்வார். "கடைசியில எல்லாம் ஆட்டத்துல முடிவாயிடும். செப்டம்பர்ல யார் எங்க இருந்தா என்ன?"

எல்லாம் ஆட்டத்துல முடிவாகாது, அதான் பிரச்சினை. 2004-ஐப் பாருங்க. கான்ஃபரன்ஸ் வேற, தென்கிழக்கு மாநிலங்களோட எஸ்.ஈ.சி. அப்போ தேசிய இறுதிப் போட்டிக்கு ரெண்டே அணி. எந்த ரெண்டுன்னு தீர்மானிச்சது ஒரு ஃபார்முலா: மூணுல ஒரு பங்கு ஏ.பி. நிருபர்கள் பட்டியல், மூணுல ஒரு பங்கு கோச்சுகள் பட்டியல், மிச்சம் கம்ப்யூட்டர் கணக்கு.

அந்த வருஷம் ஏ.பி. பட்டியல் சீசனுக்கு முன்னாடியே சொன்னது: 1 - யு.எஸ்.சி., 2 - ஒக்லஹோமா. எஸ்.ஈ.சி.யோட ஆபர்ன் 17-வது இடம். ஆபர்ன் என்ன பண்ணாங்க? முந்தின வருஷ சாம்பியன் எல்.எஸ்.யு.வை 10-9, ஜார்ஜியாவை 24-6, டென்னஸியை ரெண்டு தடவை. எஸ்.ஈ.சி. கோப்பையோட 12-0. யு.எஸ்.சி.யும் 12-0. ஒக்லஹோமாவும் 12-0. மூணு பேரும் தோக்கலை, ரெண்டு சீட்தான் இருக்கு. யாருக்குக் கிடைச்சிருக்கும்? ஆகஸ்ட்ல 1, 2ன்னு ஆரம்பிச்ச ரெண்டு பேருக்கும்தான். யாருமே தோக்காதப்போ 17-லருந்து கிளம்பினவன் அவங்களைத் தாண்ட வழியே இல்லை.

ஆபர்ன் ஆடின எதிரணிகள்ல சிலது நோஞ்சான், சிட்டாடல்னு ஒரு கீழ்நிலை அணியும் அதுல உண்டுன்னு ஒரு எதிர்வாதம் இருக்கு. நியாயமான வாதம்தான், மறுக்கலை. ஆனா ஆரம்பத்துல ஆபர்ன் 2, ஒக்லஹோமா 17ன்னு இருந்திருந்தா அந்த வாதம் அவங்களைத் தடுத்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

இறுதிப் போட்டியில யு.எஸ்.சி. ஒக்லஹோமாவை 55-19ன்னு அடிச்சு நொறுக்கினாங்க. ஆபர்ன் வேற ஊர்ல வர்ஜீனியா டெக்கை 16-13-ல ஜெயிச்சு, 13-0ன்னு வீட்டுக்குப் போனாங்க. ஆபர்ன் போயிருந்தா ஜெயிச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல வரலை. அவங்களும் 55 வாங்கியிருக்கலாம். ஆனா அது தெரியறதுக்கு ஒரு வாய்ப்பு வேணுமே! கார்னெல் வில்லியம்ஸ், ரானி பிரவுன், ஜேசன் கேம்பல்னு அந்த அணியில இருந்த கடைசி வருஷப் பசங்களுக்கு அடுத்த வருஷம் கிடையாது. இதுல கொடுமை, விதிமீறல் காரணமா யு.எஸ்.சி.யோட அந்தப் பட்டத்தை 2011-ல திரும்ப எடுத்துக்கிட்டாங்க. அந்த இடம் இன்னைக்கும் காலியாத்தான் இருக்கு.

இதுல ஏ.பி.யே கூச்சப்பட்டு, அந்த சீசன் முடிஞ்சதும் "எங்க பட்டியலை இந்த ஃபார்முலாவுல சேர்க்காதீங்க"ன்னு விலகிட்டாங்க. அதுக்குப் பதிலா 2005-ல ஒரு புது வாக்கெடுப்பு வந்தது. அதோட முதல் பட்டியலையே செப்டம்பர் கடைசியிலதான் வெளியிட்டாங்க. 2014-ல வந்த தேர்வுக்குழு இன்னும் ஒரு படி மேல போய், அக்டோபர் கடைசி வரைக்கும் வாயே திறக்கலை. ஆகஸ்ட் ரேங்க் ஒட்டிக்கும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, அதனாலதான் இந்தத் தாமதம்.

கான்ஃபரன்ஸுக்குள்ளயே ரேங்க் புகுந்து விளையாடின கதையும் உண்டு. 2008, பிக் 12 கான்ஃபரன்ஸோட தெற்குப் பிரிவு. டெக்சாஸ் ஒக்லஹோமாவை 45-35. டெக்சாஸ் டெக் டெக்சாஸை 39-33. ஒக்லஹோமா டெக்சாஸ் டெக்கை 65-21. மூணு பேரும் ஒரே கணக்கு. நம்ம பாஷையில சொன்னா கிராஃப்ல சைக்கிள் விழுந்துடுச்சு, இனி எந்த சார்ட்டும் வேலைக்கு ஆகாது. அப்போ கான்ஃபரன்ஸ் விதி என்ன சொன்னது? தேசிய ரேங்க்ல யார் மேலேயோ அவங்க போகட்டும். அந்த ரேங்க்ல மூணுல ரெண்டு பங்கு மனுஷங்க ஓட்டு. ஒக்லஹோமா போச்சு. அவங்களை நேருக்கு நேர் ஜெயிச்ச டெக்சாஸ் வீட்டுல உக்காந்து டிவி பார்த்துச்சு.

அப்போ முன்கணிப்பே கூடாதா?

கூடும். போன வருஷம் எப்படி ஆடினாங்க, யார் யார் திரும்பி வர்றாங்க, கோச் யாருங்கறதெல்லாம் உண்மையான தகவல்தான். பந்தயம் கட்டறவன் அதைத் தூக்கிப் போட்டா வேட்டியை உருவிக்கிட்டு விட்டுடுவாங்க. ஆனா அது "இனிமே யார் ஜெயிப்பாங்க?"ங்கற கேள்விக்குப் பதில். "இதுவரைக்கும் யார் சாதிச்சாங்க?"ங்கறது வேற கேள்வி. செப்டம்பர் பட்டியல்ல இந்த ரெண்டையும் ஒரே குண்டான்ல போட்டுக் கிண்டிடறாங்க. பென் ஸ்டேட்டுக்கு முதல் கேள்வியோட பதிலை வெச்சு மார்க், இண்டியானாவுக்கு ரெண்டாவது கேள்வியோட பதிலைக்கூட முழுசா தராம மார்க்.

போன வருஷத் தகவலோட மதிப்பும் முன்ன மாதிரி இல்லை. 2021-லருந்து ஒரு வீரர் ஒரு வருஷம் வெளியே உக்காராமலே வேற பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். 2024-ல கர்ட் சிக்னெட்டி இண்டியானாவுக்கு கோச்சா வந்தப்போ தன்னோட பழைய அணியிலருந்து பத்துக்கும் மேற்பட்ட பசங்களைக் கூட்டிட்டு வந்தார். 2025-ல சாம்பியன் அணியோட குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா முந்தின வருஷம் கலிஃபோர்னியாவுல ஆடிட்டு இருந்தவர். ஜெர்சி அதே, உள்ள இருக்கற ஆள் வேற. ஜெர்சிக்கு ரேங்க் போட்டா எப்படி?

என்னோட யோசனை இதுதான். அண்ணா யூனிவர்சிட்டி பேப்பர் எழுதினவங்களுக்குத் தெரியும், விடைத்தாள்ல ரெஜிஸ்டர் நம்பரை மறைச்சு டம்மி நம்பர் போட்டுத்தான் திருத்த அனுப்புவாங்க. அதே மாதிரி:

1. வாராவாரம் வெள்ளைத் தாள்ல ஆரம்பிங்க. போன வாரப் பட்டியலைத் திறந்து வெச்சுக்கிட்டு "இவனை ரெண்டு மேல, அவனை மூணு கீழ"ன்னு திருத்தக் கூடாது.

2. அணிப் பேரை மறைச்சுட்டு யாரை, எங்க, எவ்வளவுல ஜெயிச்சாங்கன்னு மட்டும் பாருங்க.

3. முதல் நாலு, அஞ்சு வாரத்துக்கு 1 முதல் 18 வேண்டாம். மூணு கட்டு போதும்: நிரூபிச்சவங்க, சறுக்கினவங்க, இன்னும் தெரியாதவங்க. "தெரியாது"ங்கறது கௌரவமான பதில்.

4. பழைய வெற்றியை மறுபடி மறுபடி மதிப்பிடுங்க. 2025 செப்டம்பர்ல ஆரிகன் ஒக்லஹோமா ஸ்டேட்டை 69-3ன்னு அடிச்சப்போ பெரிய சாதனையா தெரிஞ்சது. அந்த ஒக்லஹோமா ஸ்டேட் சீசன் முழுக்க ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயிச்சது. ஆட்டம் அன்னைக்கே முடிஞ்சாலும் அதோட விலை நவம்பர்லதான் தெரியும்.

இந்த முறைப்படி 2025 செப்டம்பர் 21 பிக் டென் எப்படி இருந்திருக்கும்? நிரூபிச்சவங்க: அப்போ நாட்டோட நம்பர் 1-ஆ இருந்த டெக்சாஸை 14-7-ல ஜெயிச்ச ஒஹாயோ ஸ்டேட், இல்லினாயைப் புரட்டி எடுத்த இண்டியானா. சறுக்கினவங்க: இல்லினாய், ஒக்லஹோமாகிட்ட 24-13-ல தோத்த மிச்சிகன். தெரியாதவங்க: ஆரிகன், பென் ஸ்டேட், இன்னும் பல பேர். பென் ஸ்டேட் மோசம்னு இதுல யாரும் சொல்லலை. பரீட்சையே இன்னும் எழுதலைன்னு மட்டும்தான் சொல்றோம். அந்தப் பசங்க தலையில 2, 3ங்கற பாரத்தையும் ஏத்தலை.

"இப்போ 12 அணி நாக்அவுட் வந்தாச்சே, ஆபர்ன் மாதிரி இனி ஆகாதே"ன்னு கேக்கலாம். 12-0 அணிக்கு ஆகாதுதான். ஆனா கடைசி சீட்டுக்கு அடிதடி இன்னும் இருக்கு. 2025 ஆகஸ்ட் 31 மயாமி நோட்ரே டேமை 27-24-ல ஜெயிச்சாங்க. ரெண்டு பேரும் 10-2ல முடிச்சாங்க. தேர்வுக்குழு வாரக்கணக்கா நோட்ரே டேமையே மேல வெச்சிருந்துட்டு, டிசம்பர் 7-ஆம் தேதி கடைசிப் பட்டியல்லதான் அந்த முதல் வார ஆட்டம் ஞாபகம் வந்து மயாமியை மேல தூக்கினாங்க. மயாமி உள்ளே, நோட்ரே டேம் வெளியே. உள்ளே போன மயாமி இறுதிப் போட்டி வரைக்கும் போனாங்க. பழைய பட்டியலையே நகர்த்திட்டு இருந்திருந்தா அவங்களும் இன்னொரு ஆபர்ன்.

ஆரம்ப வார ஆட்டத்தை மறக்காதீங்க, ஆரம்ப வார ரேங்க்கை மறந்துடுங்க. நான் சொல்றது அவ்வளவுதான்.

டிஸ்கி: அடுத்த செப்டம்பர்ல எங்க ஆபீஸ்ல டம்மி நம்பர் போட்ட பட்டியல் ஒண்ணு சுத்தும். கண்டுபிடிச்சா யாரும் கோவிச்சுக்கக் கூடாது :-)